ஹெலிகாப்டர் பூத்த பஸ் ஸ்டாண்டு

தென்னிந்தியாவில் பஸ் ஓட ஆரம்பித்த நாளிலிருந்து உத்தியோகம் பார்த்த டைம்கீப்பர்களிலேயே, டைமைப் பற்றி லவலேசமும் கவலைப்படாதவர் குரோட்டன்ஸ் நைனா ஒருவர்தான். இதை எந்தக் கோர்ட்டிலும் சத்தியப் பிரமாணம் செய்து சொல்லத் தயார். மற்ற ஊர்களில் பஸ் லேட்டானால் மழை, பஞ்சர், டிரைவருக்கு வயிற்றுவலி என்று ஏதாவது காரணம் சொல்வார்கள். உத்திரமேரூரில் மட்டும் "நைனாவோட செடித் தொட்டி இன்னும் ஏறல" என்பார்கள். ஜனங்களும் அதை நியாயமான காரணமாக ஒப்புக்கொண்டு இன்னொரு தடவை வெற்றிலை போட உட்காருவார்கள்.

ஐம்பதுகளின் கடைசியில் நான் உத்திரமேரூர் பிளாக் ஆபீசுக்குக் குமாஸ்தாவாக வந்து சேர்ந்தேன். சொந்த ஊர் திருச்சிப் பக்கம். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே மாடியில் ஓர் அறை கிடைத்தது. ஜன்னலைத் திறந்தால் தூங்குமூஞ்சி மரம், அதன் நிழலில் டைம்கீப்பரின் தகரக் கொட்டகை, கொட்டகையைச் சுற்றிலும் ஒரு காடு. கம்பெனி கழித்துப்போட்ட எதையும் நைனா விட்டுவைக்கவில்லை. அறுத்த டயரில் செடி, ரேடியேட்டர் பெட்டியில் செடி, ஹெட்லைட் கிண்ணத்தில் செடி. பழைய பித்தளை ஹாரனைக் கவிழ்த்து வைத்து அதிலிருந்துகூட ஒரு கொடியைத் தொங்கவிட்டிருந்தார். வழி தவறி வந்த டிரைவர் யாராவது அங்கே பஸ்ஸை நிறுத்தினால், அதையும் தொட்டியாக்கிவிடுவாரோ என்று எனக்குப் பயமாக இருக்கும்.

அந்த ஊரில் தின்ன முடியாத, சாமிக்குப் போட முடியாத, கஷாயத்துக்கும் உதவாத எல்லாச் செடிக்கும் ஒரே பேர்தான்: குரோட்டன்ஸ். அப்படித்தான் அவருக்கும் அந்தப் பேர் வந்தது. அவருக்கு அதில் வருத்தம் உண்டு.

"குரோட்டன்ஸ்ன்றது ஒரு ஜாதி சார். எல்லாத்தியும் குரோட்டன்ஸ்னு சொல்லிக்கினு திரியறாங்க. ரோட்டுல போற வண்டி அத்தினியும் லாரின்னு சொன்னா ஒத்துக்குவாங்களா?" என்று என்னிடம் முறையிடுவார். நான் அனுதாபத்தோடு தலையாட்டுவேன். எனக்கும் எல்லாம் குரோட்டன்ஸ் மாதிரிதான் தெரிந்தது.

செடிகள் வந்த வழி சுலபமானது. காஞ்சிபுரம், செங்கல்பட்டு, மதுராந்தகம் என்று பஸ் போகிற ஊர்களிலெல்லாம் பங்களாக்கள் இருந்தன. பங்களா இருந்தால் தோட்டம் இருக்கும். தோட்டம் இருந்தால் வேலிக்கு வெளியே ஒரு கிளையாவது நீட்டிக்கொண்டிருக்கும். அதை ஒடித்துக் கொண்டுவருவது கண்டக்டர்களின் கடமை. லேட்டாக வந்த கண்டக்டர் ஒரு குச்சியை நீட்டினால் லேட் மன்னிக்கப்படும். குச்சி புது ஜாதியாக இருந்தால் பஸ் முன்னதாகவே வந்ததாக நைனா வாதாடுவார்.

பேர் தெரியாத செடியை அடையாளம் காண அவர் ஒரு முறை வைத்திருந்தார். இலை நுனியைக் கிள்ளி வாயில் போட்டு மெல்வார். கண்ணை மூடிக்கொள்வார். "இது செங்கல்பட்டு ஜட்ஜு வூட்டு ஜாதி" என்பார். கொண்டுவந்த கண்டக்டருக்கே அது எந்த வீடு என்று தெரியாது என்பதால் மறுத்துப் பேச ஆள் கிடையாது.

ஒரு தடவை வெள்ளைப் புள்ளி போட்ட அகல இலைச் செடி ஒன்று வந்தது. வழக்கம்போல மென்றார். கண்ணை மூடினார். பிறகு திறந்தார், வாயைத் திறக்க முடியவில்லை. நாக்கு வீங்கி, உதடு வீங்கி, பேச்சு நின்றுவிட்டது. லீவு போடச் சொன்னால் மாட்டேன் என்று தலையாட்டிவிட்டு, பஸ் போகும் ஊர்களை ஜாடையிலேயே அறிவித்தார். தோளில் முந்தானையைத் தடவிக் காட்டினால் காஞ்சிபுரம். சோற்றைப் பிசைந்து வாயில் போடுகிற மாதிரி காட்டினால் வாலாஜாபாத், ஏனென்றால் அங்கே ரைஸ் மில்கள் இருந்தன. பெண் பார்க்கக் காஞ்சிபுரம் போகக் கிளம்பிய ஒரு குடும்பம், முந்தானை ஜாடையைப் பார்த்து 'தோளில் மூட்டை தூக்குகிறார், இதுதான் மில்' என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு, மற்றதுதான் காஞ்சிபுரம் என்று சோற்று ஜாடை காட்டிய பஸ்ஸில் ஏறி வாலாஜாபாத்தில் இறங்கியது. போன இடத்தில் வேறு பெண் அமைந்து கல்யாணமே நடந்துவிட்டதாகக் கேள்வி. தம்பதிகள் க்ஷேமமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன்.

அதற்குப் பிறகு நைனா எந்தப் புது இலையையும் தாமே மெல்வதில்லை. கண்டக்டர்களை மெல்லச் சொன்னார்.

வாய் சரியான பிறகு ஒரு சங்கடம் வந்தது. பஞ்சாயத்து போர்டு மெம்பர் ஒருவர் கொட்டகைக்கு வந்து, அந்தச் செடியில் ஓர் இலை கிடைக்குமா, மீட்டிங் நாளன்று தலைவர் குடிக்கும் காபியில் கொஞ்சம் போட்டுப் பார்க்கலாம் என்று ரகசியமாகக் கேட்டார். நைனா அன்றைக்கே செடியைப் பிடுங்கி ஏரிக்கரையில் புதைத்துவிட்டு வந்தார். வருத்தம் தாங்காமல் மத்தியானச் சாப்பாட்டை விட்டுவிட்டார்.

உண்மையில் அவருடைய ஆயுட்காலச் சத்துரு ஒரு கேள்வி. உத்திரமேரூரில் எந்தச் செடியைப் பார்த்தாலும் யாராயிருந்தாலும் கேட்பது அதைத்தான்:

"இது இன்னாத்துக்கு ஆவும்?"

நெல் விளைகிற ஊர். ஏரித் தண்ணீர் ஒவ்வொரு சொட்டும் எங்கே போகிறது என்று கணக்குக் கேட்கிற ஜனம். அவர்கள் கேட்டதில் தப்பில்லை. பதில் சொல்லத்தான் நைனாவுக்குத் தெரியவில்லை. முதலில் அவர் உண்மையைச் சொன்னார். "ஒண்ணுத்துக்கும் ஆவாது" என்றார். ஒன்றுக்கும் ஆகாத செடிதானே என்று ஒருவர் தம் ஆட்டை அதில் கட்டிவிட்டு மதுராந்தகம் போய்விட்டார். அவர் திரும்பி வந்தபோது ஆடு இருந்தது.

அடுத்த செடிக்கு நைனா உஷாரானார். "சக்கர வியாதிக்கு ஆவும்" என்றார். மறுநாள் காலையில் குச்சி மட்டும் நின்றது. எங்கள் ஆபீஸ் ஹெட்கிளார்க்கூட இலையை அரைத்துக் குடித்துக்கொண்டிருந்தார். உங்களுக்குச் சர்க்கரை வியாதி இருக்கிறதா என்று கேட்டதற்கு, இனிமேல் வராமலிருக்கட்டும் என்றார்.

மூன்றாவது செடியை, "வெசம், கிட்ட போவாத" என்றார். பஸ் ஸ்டாண்டில் விஷச் செடி வளர்ப்பதா என்று ஊர்ப் பெரியவர்கள் கும்பலாக வந்து பிடுங்கச் சொல்லிவிட்டார்கள். நாலாவது செடியைச் சாமி செடி என்றார். அதுதான் எல்லாவற்றையும்விட மோசமாகப் போயிற்று. யாரோ பக்கத்தில் செங்கல் நட்டு, மஞ்சள் பூசி, குங்குமம் வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை தவறாமல் வேரில் பால் ஊற்றினார்கள், விளக்கெண்ணெய் ஊற்றினார்கள். தண்ணீர் ஊற்றப் போன நைனாவை, செருப்புக் காலோடு வருகிறாயே என்று விரட்டினார்கள். செடி பக்தியிலேயே பட்டுப்போயிற்று.

"பேஜாரா பூட்ச்சி சார். ஆவும்னாலும் போவுது, ஆவாதுன்னாலும் போவுது" என்றார் நைனா. அவர் வீட்டில் மட்டும் இந்தப் பிரச்னை கிடையாது. ஒரே ஒரு கறிவேப்பிலைச் செடி வையுங்கள் என்று அவர் சம்சாரம் எத்தனையோ வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆகிற செடியை வைக்க ஊரில் ஆயிரம் பேர் கீறாங்க என்று சொல்லி நைனா மறுத்துவிட்டார். அந்த அம்மாள் ரசம் தாளிக்கும்போதெல்லாம் அடுத்த வீட்டுக்குப் போய்வந்தார்.

இந்த நிலைமையில்தான் கண்டக்டர் முனுசாமி அந்தக் கன்றைக் கொண்டுவந்தான்.

முனுசாமி செங்கல்பட்டு ரூட். கிளை ஒடிப்பதில் எல்லா கண்டக்டர்களுக்கும் மேஸ்திரி. இந்தத் தடவை அவன் ஒடிக்கவில்லை. பங்களா தோட்டக்காரரே கிழங்கோடு தோண்டி, ஈரச் சாக்கில் சுற்றிக் கொடுத்தாராம். டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டில் உட்காரவைத்துக் கொண்டுவந்தான். அந்த சீட்டுக்காரர் வழி முழுக்க நின்றுகொண்டு வந்தார். பார்ப்பதற்கு வாழைக்கன்று மாதிரி இருந்தது, ஆனால் மெலிந்த வாழை.

"இன்னா பேரு சொன்னான்?" என்று கேட்டார் நைனா.

"ஹெலிகாப்டர்னு சொன்னான் நைனா."

"இன்னாது?"

"ஹெலிகாப்டர். தொரை வூட்டு ஜாதியாம்."

நைனா அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏண்டா, செடிக்கு எவனாவது ஹெலிகாப்டர்னு பேரு வெப்பானா? அடுத்த வாட்டி ரயிலு எஞ்சினு கொண்டாந்துகீறேன்னு சொல்லு."

"நா இன்னா பண்றது நைனா. அவன் சொன்னத்த சொன்னேன்."

"எல பொய் சொல்லும். தோட்டக்காரனும் பொய் சொல்லுவான். பூ பொய் சொல்லாது. பூ வுடட்டும், பேரு தானா தெரிஞ்சிடும்" என்று தீர்ப்புச் சொல்லி, கொட்டகைக்குப் பின்னால் நல்ல நிழலாகப் பார்த்து அதை நட்டார்.

அந்தச் செடி தழைத்தது. காரணம், ஊரார் அதை வாழை என்று நினைத்துவிட்டார்கள். வாழை என்றால் எதற்கு ஆகும் என்று யாரும் கேட்பதில்லை. நைனாவுக்கு வாழ்க்கையில் முதல் தடவையாக நிம்மதி கிடைத்தது. ஆனால் வாழை என்று நினைத்ததாலேயே ஒரு நாள் டீக்கடைக்காரர், தம் அப்பாவின் திவசத்துக்கு இலை போதவில்லை என்று, வந்து நல்ல இலையாக ஒன்றை அறுத்துக்கொண்டு போய்விட்டார்.

நைனா விஷயம் தெரிந்து ஓடியபோது இலை விரிக்கப்பட்டு, சாப்பாடு பரிமாறியாகிவிட்டது. இலையின் முன்னே போஸ்ட்மாஸ்டர் உட்கார்ந்திருந்தார். சாப்பிடுகிறவரை எழுப்பக்கூடாது. நைனா அவருக்கு எதிரே குந்திக்கொண்டு, அவர் மோர் சாதம் வரை போகும் மட்டும் பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்.

"சாமி, சுடச்சுட சோறு போட்டப்போ எலையிலேந்து ஒரு வாசன வருமே, வந்துச்சா?"

போஸ்ட்மாஸ்டர் யோசித்தார். "வரலியே. நானும் ஏதோ கொறையுதேன்னு பார்த்தேன்."

"அப்ப வாயை இல்ல" என்றார் நைனா. இலை போன துக்கத்தை மறந்து, ரொம்ப சந்தோஷமாக எழுந்து வந்தார். வாழை இல்லை என்று நிச்சயமாகிவிட்டது. இனி என்னவென்று தெரிய வேண்டியதுதான் பாக்கி.

பிறகு வெகுநாள் காத்திருந்தார். கோடையில் தம் குடிதண்ணீர்க் குடத்தைச் செடிக்குக் கவிழ்த்துவிட்டு, டீக்கடையில் தண்ணீர் கேட்டுக் குடித்தார். ஒரு மழைக்காலம் முடிந்த சமயம், இலைகளுக்கு நடுவிலிருந்து கூராக ஏதோ எட்டிப்பார்த்தது. மொட்டு. நைனா அன்றைக்கு எல்லா பஸ்களையும் சரியான நேரத்துக்கு அனுப்பினார். பிரயாணிகள் பலர் பஸ்ஸைக் கோட்டைவிட்டார்கள்.

அதே வாரம் பஸ் கம்பெனி முதலாளி வந்தார். காஞ்சிபுரத்தில் இருப்பவர், எப்போதாவதுதான் வருவார். புது பஸ் ஒன்று வாங்கியிருந்தார், பழையவற்றைவிட நீளம். அது உத்திரமேரூரில் திரும்ப இடம் வேண்டும்.

"யோவ் டைம்கீப்பர், இந்தக் காட்டை எடுத்துடு. வெள்ளிக்கெயமை இங்கதான் வண்டிக்குப் பூசை. அதுக்குள்ள தரை தெரியணும்."

நைனா கையைக் கட்டிக்கொண்டு நின்றார். "எல்லாத்தியும் எடுத்துடறேன் மொதலாளி. அந்த ஒண்ணு மட்டும் இருக்கட்டும். மொட்டு வந்துகீது. பூ வுட்டா இன்னா ஜாதின்னு தெரிஞ்சிடும்."

"தெரிஞ்சா இன்னாத்துக்கு ஆவும்?"

முதலாளி காரில் ஏறிப் போய்விட்டார்.

அந்த வாரம் நான் ஜன்னலை விட்டு நகரவில்லை. ஆபீசில் வயிற்றுவலி என்று சொல்லியிருந்தேன். நைனா பஸ் ஏற வந்தவர்கள் கையிலெல்லாம் ஆளுக்கொரு தொட்டியைக் கொடுத்து அனுப்பினார். எங்கேயோ ஒரு பஸ்ஸின் உடம்பில் இருந்த ஹெட்லைட்டும் ரேடியேட்டரும் செடியோடு வேறு பஸ்ஸில் ஏறிப் போயின. "இது இன்னாத்துக்கு ஆவும்?" என்று வாங்கும்போதும் கேட்டார்கள். "தண்ணி ஊத்து, சொல்றேன்" என்றார். காவாந்தண்டலத்துக் கிழவி ஒருத்திக்கு அந்தப் பித்தளை ஹாரன் போயிற்று. அவள் அதை இடுப்பில் குழந்தையைப் போல வைத்துக்கொண்டு ஏறினாள். கடைசியில் கொட்டகையும் அந்த ஒரு செடியும்தான் மிச்சம். அதை நகர்த்தினால் மொட்டு கருகிவிடும். நைனா கடப்பாரையை மரத்தில் சாய்த்து வைத்துவிட்டு, அதைத் தொடாமல் உட்கார்ந்திருந்தார்.

வெள்ளிக்கிழமை காலை இறங்கிப் போய்ப் பார்த்தேன். பூத்திருந்தது. பூ மேலே பார்க்கவில்லை, கீழே தொங்கியது. சிவப்புச் சிவப்பாக, நுனியில் மஞ்சளாக, ஒன்றன்கீழ் ஒன்றாகக் கிளிமூக்குகளைக் கோத்துத் தொங்கவிட்ட மாதிரி இருந்தது. நான் அதற்கு முன்னால் அப்படி ஒன்றைப் பார்த்ததில்லை. ஊர் பூராவும் வந்து பார்த்தது. டீக்கடைக்காரர் மிளகாய் என்றார். போஸ்ட்மாஸ்டர், இதில் நான் சாப்பிட்டிருக்கிறேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். நைனாவுக்கு மட்டும் முகம் வாடியிருந்தது. பூ பொய் சொல்லவில்லைதான். ஆனால் அது சொன்ன பேரும் அவருக்குப் புரியவில்லை.

"இன்னான்னு தெரில சார்" என்றார் என்னிடம், ரொம்ப மெதுவாக.

முதலாளி குருக்களோடு புது பஸ்ஸில் வந்து இறங்கினார். செடியைப் பார்த்தார், கடப்பாரையைப் பார்த்தார், நைனாவைப் பார்த்தார். திட்ட ஆரம்பிப்பதற்குள் குருக்கள் குறுக்கிட்டு, மாலை எங்கே என்று கேட்டார். மாலையும் உதிரிப்பூவும் செங்கல்பட்டிலிருந்து முனுசாமியின் பஸ்ஸில் வரவேண்டும். அந்த பஸ் வரவில்லை. ஏன் வரவில்லை என்பது இன்றுவரை நிச்சயமாகத் தெரியாது. முனுசாமி பஞ்சர் என்றுதான் சொன்னான். பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். எலுமிச்சம்பழம் சக்கரத்தின் கீழே தயாராக இருந்தது, கற்பூரம் தட்டில் இருந்தது. பூ இல்லாமல் எப்படி என்று குருக்கள் கைக்கடிகாரத்தைத் தட்டிக் காட்டினார்.

முதலாளி கண் செடியின் பக்கம் போயிற்று. "அந்தப் பூவை அறுத்துக் கொண்டா."

நைனா முன்னால் வந்து நின்றார். "அறுத்தா ஒரு மணி நேரம் தாங்காது மொதலாளி. வாடின பூவோட வண்டி மொதல் டிரிப்பு போவலாமா? பூ வண்டிக்கு வர வாணாம். வண்டி பூவுக்கு வரட்டும்."

குருக்கள் மறுபடி கடிகாரத்தைத் தட்டினார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு டிரைவருக்குக் கை காட்டினார். டிரைவர் புது பஸ்ஸை அங்குலம் அங்குலமாக நகர்த்தி, செடிக்கு நேராக மூக்கைக் கொண்டுவந்து நிறுத்தினார். பூச்சரம் வண்டியின் நெற்றியில் அப்படியே போய் உட்கார்ந்தது. நைனா ஓர் இலையை விலக்கிப் பிடித்துக்கொண்டார். கற்பூரம் காட்டினார்கள். கூட்டத்தில் இரண்டு பேர் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள்.

முதலாளிக்கே முகம் தெளிந்துவிட்டது. கொஞ்ச நேரம் பூவைப் பார்த்துக்கொண்டு நின்றார். "நல்லாத்தான் கீது. இன்னா பூய்யா இது?"

அந்தச் சமயத்தில்தான் முனுசாமியின் பஸ் வந்து நின்றது. மாலைக் கூடையோடு இறங்கியவன், கேட்காமலே பதில் சொன்னான். "ஹெலிகாப்டர் பூ மொதலாளி."

"ஹெலிகாப்டரா? மெய்யாவா?" முதலாளி நைனாவிடம் திரும்பினார். "புது வண்டிக்கு ஹெலிகாப்டர் பூவா வந்து வாச்சிகீது? ஏய்யா, நெசமா அதான் பேரா?"

கூட்டம் நைனாவைப் பார்த்தது. முனுசாமியும் பார்த்தான். எதற்கு ஆகும் என்பதில் புளுகினாலும், பேர் விஷயத்தில் மட்டும் குரோட்டன்ஸை குரோட்டன்ஸ் என்றும் மற்றதை மற்றது என்றும் சொன்ன மனுஷர். நைனா செடியை ஒரு தடவை பார்த்தார். அந்த வெள்ளைப் புள்ளி இலையை மறுபடி மென்றவர் போல அவர் வாய் கோணியது.

"ஆமா மொதலாளி" என்றார். "ஹெலிகாப்டர்தான்."

செடி பிழைத்தது. வெள்ளிக்கிழமைதோறும் பஸ்ஸை அந்தப் பூவுக்கு நேரே நிறுத்திக் கற்பூரம் காட்டவேண்டும் என்று முதலாளி உத்தரவு போட்டார். இடம் போதாததால் அந்த நீள பஸ் கடைசிவரை ரிவர்சிலேயே திரும்பியது. அதற்கு ஹெலிகாப்டர் என்றே ஊரில் பேர். அந்த ரூட்டில் அதைவிட மெதுவாகப் போன வண்டி கிடையாது. கொஞ்சம் கொஞ்சமாகக் கொட்டகையைச் சுற்றிக் காடும் திரும்ப வந்தது. வாங்கிப் போனவர்களே ஒரு கிளையை ஒடித்துக்கொண்டு வந்து கொடுத்தார்கள். காவாந்தண்டலத்துக் கிழவி மட்டும் ஹாரனைத் திருப்பித் தரவில்லை.

நைனா மட்டும் சமாதானமாகவில்லை. மாற்றலாகி நான் ஊரை விட்டுக் கிளம்பிய அன்று, பெட்டியை பஸ்மேல் ஏற்றிவிட்டுச் சொன்னார்: "ஹெலிகாப்டர்ன்றது கூப்புடுற பேரு சார். நெசப் பேரு வேற ஒண்ணு கீது. எங்கியாச்சும் பாத்தீங்கன்னா வந்து சொல்லுங்க." நானும் சரி என்றேன். அவருடைய நிஜப் பேர் என்ன என்று அதுவரை நான் கேட்டதில்லை என்பது பஸ் ஏரிக்கரையைத் தாண்டிய பிறகுதான் ஞாபகம் வந்தது.

பல வருஷம் கழித்து மதராஸில் ஒரு மலர்க் கண்காட்சிக்குப் போயிருந்தேன். கிளிமூக்குச் சரம் தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அட்டையில் பேர் எழுதியிருந்தார்கள். ஹெலிகோனியா. நான் நின்ற இடத்திலேயே சிரிக்க ஆரம்பித்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளும்படி ஆகிவிட்டது. முனுசாமி காதில் முக்கால்வாசி சரியாகத்தான் விழுந்திருக்கிறது. நைனாவும் அன்றைக்குச் சொன்னது கால் பொய்தான். இதைச் சொல்ல உத்திரமேரூர் பஸ்ஸைப் பிடிக்கலாம் என்றால், நைனா அதற்கு முந்தின வருஷமே போய்ச் சேர்ந்துவிட்டார் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

எனக்கு நைனாவை ரொம்பப் பிடிக்கும். அதை இப்போது எழுதுவது இன்னாத்துக்கு ஆவும் என்று தயவுசெய்து யாரும் கேட்கவேண்டாம்.